வாசகர் கேள்வி பதில்: கிராபியில தீவும் உண்டு, கோயிலும் உண்டு, நம்ம எழுத்தும் உண்டு

போன இதழ்ல தாய்லாந்து கிராபி மாகாணத்தைப் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, அதனால நிறைய பேர் கேட்டதையும், எனக்கு பதில் சொல்லியே ஆகணும்னு தோணுனதையும் எடுத்துக்கிட்டேன்.

கிராபின்னா என்ன அர்த்தம்? புக்கெட் பேரை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கோம், அதை விட்டுட்டு இங்க எதுக்கு போகணும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

தாய் மொழியில கிராபின்னா வாள்னு அர்த்தம்ங்க. மாகாண முத்திரையிலயே ரெண்டு வாள் குறுக்கால இருக்கும். ஆனா அதே சொல்லுக்கு குரங்குன்னும் ஒரு அர்த்தம் உண்டு, அது சமஸ்கிருத கபியில இருந்து போனது. உங்க ஊர் பக்கத்துல கபிஸ்தலம் இருக்கே, ஆஞ்சநேயர் பேரோட சேர்த்துச் சொல்லுவாங்களே, அதே கபிதான். ஒரு ஊர் பேரைக் கேட்டதுமே கும்பகோணத்துக்காரருக்கு பக்கத்து ஊர் ஞாபகம் வரணும்னா அந்த ஊருக்குப் போறதுக்கு அதுவே ஒரு காரணம்தானே.

புக்கெட்டும் நல்ல ஊர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா கிராபியில சுண்ணாம்புப் பாறை மலைங்க கடலுக்குள்ள இருந்து நேரா செங்குத்தா எழும்பி நிக்கும், படகு அதுங்க நடுவுல புகுந்து போகும்போது பேச்சே வராது. கிராபி டவுனும் சின்ன ஊர், ஆத்தங்கரை ஓரமா நடந்தே சுத்திடலாம், சிக்னல் கம்பத்தை ஆதிமனுஷன் சிலைங்க தாங்கிப் பிடிச்சிருக்கும், ஏன்னா இந்தப் பக்கத்துக் குகைகள்ல ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி மனுஷங்க வாழ்ந்த தடயம் கிடைச்சிருக்கு. புக்கெட்ல இருந்து ரோட்டு வழியா ரெண்டரை மூணு மணி நேரம், பாங்காக்ல இருந்து ஃப்ளைட்ல ஒண்ணேகால் மணி நேரம் சொச்சம். குறைஞ்சது நாலு நாள் வச்சுக்குங்க.

எந்த மாசம் போகலாம்? ஏஜென்ட் ஜூலையில பாதி ரேட்டுன்னு சொல்றாரு.
– ஒரு வாசகி, சேலம்

நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் அந்தப் பக்கம் கடல் அமைதியா இருக்கும். அது அந்தமான் கடல், மே மாசம் தென்மேற்கு பருவக்காத்து ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் அலையும் மழையும்தான். ஜூலையில ரூம் மலிவா கிடைக்கும், உண்மைதான், ஆனா படகு கிளம்புமா கிளம்பாதாங்கிறது அன்னைக்குக் காலையிலதான் தெரியும். குழந்தைங்களோட போறீங்கன்னு எழுதியிருக்கீங்க, அதனால ஜூலை வேண்டாம்ங்க.

நாலு தீவு டூர், ஏழு தீவு டூர்னு போட்டிருக்கான். ஏழுதானே லாபம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

இல்லீங்க, இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் தடவை போனப்போ விலை கம்மின்னு ஒரு டூர் கம்பெனியில நிறைய தீவு இருக்கிற பேக்கேஜா பார்த்து புக் பண்ணோம், ஒவ்வொரு இடத்துலயும் இறங்குறதுக்குள்ள விசில் அடிச்சு கூப்பிடுறாங்க, ஸ்பீட் போட்ல பின்னாடி உக்காந்திருந்த என் அக்கா பொண்ணு முழு நேரமும் வாந்தி, சாயங்காலம் ஹோட்டலுக்கு வந்து எந்தத் தீவுல என்ன பார்த்தோம்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல. காசு குடுத்துட்டு எதையும் பார்க்காம வந்தோம்னு ரொம்ப நாள் மனசு கஷ்டமா இருந்துச்சு.

ரெண்டாவது தடவை ஆவ் நாங் பீச்ல இருந்து லாங் டெயில் போட் ஒண்ணை நாங்களே நாள் வாடகைக்கு பேசிக்கிட்டோம். மரப் படகு, பின்னாடி பெரிய இன்ஜின், அதுல நீட்டமா ஒரு கம்பி, கம்பி நுனியில விசிறி, அதனாலதான் வால் படகுன்னு பேரு. முகப்புல கலர் கலரா துணி சுத்தி பூமாலை போட்டிருப்பாங்க. அது அழகுக்கு இல்லீங்க, படகைக் காக்குற மே யா நாங்ங்கிற தெய்வம் அந்த முகப்புல இருக்கிறதா நம்பிக்கை. எங்க படகுக்காரர் காலையில பழைய மாலையை எடுத்துட்டு புதுசு கட்டி, கும்பிட்டு, அதுக்கப்புறம்தான் இன்ஜினையே தொட்டாரு. போட்டோவுக்காக அந்த முகப்பு மேல கால் வச்சு ஏறாதீங்க, அவங்களுக்கு மனசு புண்படும். நம்ம மீனவங்க படகுக்குப் பூ வைக்கிறதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாலு தீவுன்னா போடா, கோழித்தலை மாதிரி பாறை நீட்டிக்கிட்டு நிக்கிற கோ காய், அது பக்கத்துல தூப், மோர்னு ரெண்டு குட்டித் தீவு. தண்ணி வத்துற நேரத்துல இந்தத் தீவுகளுக்கு நடுவுல கடல் விலகி மணல் பாதை தெரியும், தலே வேக்னு சொல்லுவாங்க, ஒரு தீவுல இருந்து இன்னொண்ணுக்கு நடந்தே போகலாம். அமாவாசை பௌர்ணமியை ஒட்டின நாட்கள்ல கடல் நல்லா உள்வாங்கும், அப்பதான் பாதை முழுசா தெரியும். அதனால டிக்கெட் போடுறப்பவே நம்ம வீட்டு நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துக்குங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் படகுக்காரர்கிட்டயே எந்த நேரம் தண்ணி வத்தும்னு கேட்டு அதுக்கேத்த மாதிரி புறப்படுங்க. தேசியப் பூங்கா கட்டணம் தனி, வெளிநாட்டுக்காரங்களுக்கு நான் போனப்போ பெரியவங்களுக்கு 400 பாத் வாங்குனாங்க. ரசீதை அன்னைக்கு முழுக்க பத்திரமா வச்சுக்குங்க.

மாயா பேக்கு போயிட்டு தண்ணியில இறங்க விடலைன்னு என் ஃப்ரெண்ட் திட்டிட்டு வந்தான். அவ்வளவு தூரம் போயிட்டு குளிக்க முடியலைன்னா எதுக்கு போகணும்?
– ஒரு வாசகர், சென்னை

உங்க ஃப்ரெண்டோட ஏமாத்தம் புரியுது. ஆனா ஃபீ ஃபீ லே தீவுல இருக்கிற அந்தக் குட்டி விரிகுடாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா நீங்க வேற மாதிரி யோசிப்பீங்க. ஒரு ஹாலிவுட் படத்தை அங்க எடுத்தாங்க, 2000ல ரிலீஸ் ஆச்சு, அதுக்கப்புறம் உலகமே அந்த ஒரு குட்டிக் கடற்கரைக்கு வந்துச்சு, ஒரு நாளைக்கு 5,000 பேர் வரைக்கும்கூட வந்திருக்காங்க. படகு நங்கூரம் விழுந்து விழுந்து பவளப்பாறை செத்துப் போச்சு. 2018 ஜூன்ல நாலு மாசத்துக்குன்னு மூடுனாங்க, நிலைமையைப் பார்த்துட்டு மூணரை வருஷம் மூடியே வச்சாங்க. 2022 ஜனவரி 1ந் தேதிதான் மறுபடி திறந்தாங்க.

இப்போ படகு எதுவும் முன்பக்கம் வரக்கூடாது. தீவோட பின்பக்கம் லோ சாமாங்கிற இடத்துல இறங்கி மரப்பாதையில நடந்து வரணும், ஒரு நேரத்துக்கு இத்தனை பேர்னு கணக்கு, தண்ணியில முழங்கால் வரைக்கும்தான். ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டு மாசம் வருஷா வருஷம் மூடிடுவாங்க. இதுக்கெல்லாம் பலன் என்னன்னா கருப்பு முனைத் துடுப்பு சுறாக்குட்டிங்க திரும்பி வந்திருக்கு. நான் முழங்கால் தண்ணியில அசையாம நின்னப்போ கொஞ்சம் தள்ளி ஒரு முழம் நீளத்துக்கு ஒரு நிழல் போச்சு, துடுப்பு நுனி மட்டும் மை தொட்ட மாதிரி கருப்பு. நீச்சல் அடிச்சிருந்தா அதைப் பார்த்திருக்க முடியாது. குளிக்கணும்னா வேற நூறு இடம் இருக்கு. இந்த ஒண்ணை விட்டுடலாம்னு நான் மனசார சொல்றேன்.

சன் ஸ்க்ரீன் விஷயமும் கேட்டிருந்தீங்க. பவளத்தைக் கெடுக்குற ரசாயனம் கலந்த சன் ஸ்க்ரீனுக்கு தாய்லாந்து தேசியப் பூங்காக்கள்ல 2021ல இருந்தே தடை. முழுக்கை டீ-ஷர்ட் போட்டுக்கிட்டா அந்த கவலையே இல்ல.

புலிக்குகை கோயிலுக்கு 1,237 படியாமே. அம்மாவுக்கு 66 வயசு, முட்டி வலி. கூட்டிட்டுப் போகலாமா?
– ஒரு வாசகி, மதுரை

கோயிலுக்கு கூட்டிட்டுப் போங்க, மலை உச்சிக்கு வேண்டாம். வாட் தாம் சுயா, டவுன்ல இருந்து பக்கம்தான், 1975ல சம்னியன்ங்கிற பிக்கு தியான மடமா ஆரம்பிச்சது. அந்தக் குகையில முன்ன புலி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. உச்சிக்குப் போற படியில 1,237ன்னு போர்டு ரொம்ப காலமா பிரபலம், எண்ணிப் பார்த்தவங்க கொஞ்சம் கூடவே வருதுன்னு சொல்றாங்க. ஆனா எண்ணிக்கையில பிரச்சினை இல்ல, படியோட உயரத்துலதான் பிரச்சினை. நம்ம பழனி படி மாதிரி சீரா இருக்காது, சில இடத்துல ஒரு படியே முழங்கால் உயரம் வரும், கைப்பிடியைப் பிடிச்சு உடம்பைத் தூக்கித்தான் ஏறணும். எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, இறங்குறப்போ காலு நடுங்குச்சு. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிடுங்க, வெயில் வந்துட்டா கஷ்டம். மேல பெரிய தங்க நிற புத்தர், புத்தர் பாதம், சுத்தி எங்க பார்த்தாலும் பச்சை மலை, தூரத்துல கடல்.

நீங்க ஏறுற நேரம் அம்மா கீழ இருக்கட்டும். கீழ இருக்கிற குகை சன்னதியே மனசுக்கு நிறைவா இருக்கும், கருணை தெய்வம் குவான் யின்னுக்கும் தனி சன்னதி இருக்கு. சாயங்காலம் அம்மாவை டவுன்ல இருக்கிற வாட் கேவ் கோரவாராமுக்கு கூட்டிட்டுப் போங்க, வெள்ளை வெளேர்னு இருக்கும், படிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை நாகம் நெளிஞ்சு இறங்கும், மெதுவா ஏறிடலாம். அங்க ஒரு ஓரமா உக்காந்திருந்தாலே போதும்.

தோளும் முட்டியும் மூடுற மாதிரி டிரெஸ், செருப்பு வெளியில, புத்தர் பக்கம் காலை நீட்டி உக்காரக் கூடாது, பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, கையில நேரா எதையும் குடுக்கவும் கூடாது. குரங்கு நிறைய இருக்கும், கையில கவர் வச்சுக்காதீங்க, கடிச்சிட்டா வீட்டுக்கு வந்து பார்த்துக்கலாம்னு இருக்காம அன்னைக்கே ஊசி போட்டுக்குங்க.

ரயிலே பீச் பக்கத்துல ஒரு குகையில லிங்கம் வச்சு கும்பிடுறாங்களாம், நிஜமா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

ரயிலே ஒரு தீவு இல்ல, நிலத்தோட ஒட்டுனதுதான், ஆனா பின்னாடி பூரா பாறைச்சுவர், அதனால படகுலதான் போக முடியும். மேற்குப் பக்கம் படகுத்துறை கிடையாது, முழங்கால் தண்ணியில இறங்கி நடக்கணும், பெரிய சூட்கேஸ் வேண்டாம். ரயிலேயோட கிழக்குப் பக்கத்துல இருந்து பாறை ஓரமா நடந்தா ஃப்ரா நாங் கடற்கரை, அது ஓரத்துல இருக்கிற குகைதான் நீங்க கேட்டது.

அந்தக் குகையில ஒரு இளவரசியோட ஆவி இருக்கிறதா நம்பிக்கை. பல கதை சொல்றாங்க, ஒரு கதையில அவ இந்தியாவுல இருந்து வந்த இளவரசி, கப்பல் முழுகி இறந்து இந்தக் குகையில தங்கிட்டான்னு வரும். மீனவங்க கடலுக்குப் போறதுக்கு முன்னாடி நல்லபடியா திரும்பணும், மீன் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு மரத்துல செதுக்குன குறிகளைக் காணிக்கையா வைப்பாங்க, சின்னதும் பெருசுமா, சிவப்புத் துணி கட்டி நிறைய குவிஞ்சிருக்கும். நம்ம கோயில் லிங்கம் மாதிரி பீடத்தோட இருக்கிறது இல்ல, ஆனா வளமைக்காக வைக்கிறதுதான். பசங்க கேட்டா இதையே சொல்லுங்க. அங்க சில பேர் சிரிச்சுக்கிட்டு அதைக் கையில பிடிச்சு போட்டோ எடுக்குறாங்க, ரொம்ப வேதனையா இருந்துச்சு. ஒருத்தங்க கடலுக்குப் போன புருஷன் திரும்பணும்னு வச்ச பொருள் அது.

சுத்த சைவம். நாலு நாளைக்கு பிரெட்டும் பழமும்தானா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பயப்படாதீங்க. மஞ்சள் கொடியில சிவப்பா ஒரு எழுத்து, பார்க்க 17ன்னு எழுதுன மாதிரியே இருக்கும், அந்தக் கொடி தொங்குற கடையில ஜே சாப்பாடு கிடைக்கும். அதுல கறி, மீன், முட்டை மட்டும் இல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது, உங்களுக்கு ரொம்ப ஒத்துவரும். மத்த கடையில வெஜ்னு சொன்னா மீன் சாஸை ஊத்திட்டு வெஜ்னு குடுப்பாங்க, ஏமாத்தணும்னு இல்ல, அவங்களுக்கு அது உப்பு மாதிரி. "மாய் சை நாம் ப்லா", மீன் சாஸ் போடாதீங்கன்னு சொல்லிடுங்க. குழம்புப் பேஸ்ட்ல இறால் விழுது அரைச்சே சேர்த்திருப்பாங்க, அதனால ரெட் கறி, கிரீன் கறி எல்லாம் ஜே கடையில மட்டும் சாப்பிடுங்க.

சாயங்காலம் தள்ளுவண்டியில ரொட்டி போடுறதைக் கண்டிப்பா பாருங்க. கிராபியில முஸ்லிம் மக்கள் நிறைய, பெரும்பாலும் அவங்கதான் இந்த வண்டி வச்சிருப்பாங்க. உருண்டை மாவை எண்ணெய் தடவுன தகட்டுல தட்டி, வீசி வீசி கண்ணாடி மாதிரி ஆக்கி, நடுவுல வாழைப்பழத்தை அரிஞ்சு போட்டு நாலு பக்கமும் மடிப்பாங்க, நம்ம பரோட்டா மாஸ்டர் கையேதான். முட்டை வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க.

சுனாமி வந்த ஊராச்சே, இப்போ பயமில்லையா? நாங்க நாகப்பட்டினம், அதான் கேக்குறோம்.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லீங்க. 2004 டிசம்பர் 26, அதே நாள், அதே அலை. ஃபீ ஃபீ டான் தீவுல நடுவுல ஒடுக்கமா ஒரு மணல் திட்டுலதான் கடை, ஹோட்டல் எல்லாம். ரெண்டு பக்கமும் கடல், ரெண்டு பக்கத்துல இருந்தும் தண்ணி ஏறி நடுவுல இருந்ததை வாரிட்டுப் போயிடுச்சு. இப்போ மேட்டுக்கு ஓடுற வழி காட்டுற போர்டுங்க அங்கங்க இருக்கு, போய் இறங்குனதும் அது எந்தப் பக்கம்னு பார்த்து வச்சுக்குங்க. அந்தத் தீவுல கார் கிடையாது, நடைதான், ராத்திரி பாட்டுச் சத்தம் அதிகம். அமைதி வேணும்னா லாண்டா தீவுக்குப் போங்க. அங்க கிழக்குக் கரையில பழைய ஊர், கடலுக்குள்ள கால் நட்டுக் கட்டுன மர வீடுங்க, உரக் லவோய்ங்கிற கடல் பழங்குடி மக்கள் அந்தப் பக்கம் இன்னும் இருக்காங்க.

தமிழங்க அந்தக் காலத்துலயே அங்க போயிருக்காங்கன்னு ஒரு வரி எழுதிட்டு விட்டுட்டீங்க. ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா பெருமையா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே எழுத உக்காந்தேன்.

டவுன்ல இருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர்ல க்லோங் தோம்னு ஒரு சின்ன ஊர். அங்க ஒரு கோயிலு, அதை ஒட்டுன மேட்டுக்கு மணிமேடுன்னு அர்த்தம் வர்ற மாதிரி குவான் லூக் பத்ன்னு பேரு, ஏன்னா அங்க மண்ணைத் தோண்டுனா பாசிமணியா வந்துச்சு. கண்ணாடி மணி, கார்னீலியன், அகேட்ங்கிற நிறக் கல்லுல செஞ்ச மணி, மனுஷ முகம் போட்ட சின்ன மணி, ரோமானியப் பாணியில செதுக்குன முத்திரைக்கல் எல்லாம். கடல் வணிகம் நடந்த துறைமுகம் அது, மணி செய்யற பட்டறையும் இருந்திருக்கு. ஜனங்க தோண்டி வித்தது போக மிச்சத்தை அந்தக் கோயில் பெரிய பிக்கு சேர்த்து வச்சு மியூசியம் ஆக்குனாரு.

அங்க கிடைச்சதுலயே ஒரு சின்னக் கல்லு, உள்ளங்கையில வச்சா அடங்கிடும். அதுல தமிழ் பிராமியில, அதாவது அந்தக் காலத்துல தமிழை எழுதுன எழுத்துல, எட்டே எட்டு எழுத்து: பெ, ரு, ம், ப, த, ன், க, ல். பெரும்பதன் கல். மூணாம் நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததுன்னு அறிஞர்கள் சொல்றாங்க. அது ஒரு உரைகல். தங்கத்தை அதுல உரசி, விழுற கோட்டோட நிறத்தை வச்சு மாத்து பார்க்குற கல். பதன்ங்கிறதை பத்தன்னு படிக்கிறாங்க, பத்தன்னா பொன் வேலை செய்யறவரு, பெரும்பத்தனோட கல்லு இதுன்னு அர்த்தம் சொல்றாங்க. உங்க திருநெல்வேலிப் பக்கம் நகை செய்யறவரை இன்னமும் பத்தர்னுதானே கூப்பிடுறீங்க!

யோசிச்சுப் பாருங்க, அது ராஜா வெட்டுன கல்வெட்டு இல்ல, படையெடுப்பு இல்ல. ஒரு வேலைக்காரர், தன்னோட கருவியில தன் பேரைப் பொறிச்சிருக்காரு, பக்கத்துப் பட்டறையில மாறிடக் கூடாதுன்னு நாம எவர்சில்வர் டம்ளர்ல பேர் வெட்டுற மாதிரி. அந்தக் கல்லோட கப்பல் ஏறி இவ்வளவு தூரம் வந்து உக்காந்து வேலை பார்த்திருக்காரு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு அந்த எழுத்தை ஒண்ணு ஒண்ணா விரலால காத்துல எழுதிப் பார்த்தேன், கண்ணு கலங்கிடுச்சு.

இது ஒண்ணு மட்டும் இல்ல. வடக்கே பக்கத்து மாகாணம் பாங் ஙாவுல தகுவா பான்னு ஒரு இடம், அங்க ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. அவனிநாரணம்ங்கிற குளத்தை வெட்டி, மணிக்கிராமத்தார்ங்கிற வணிகர் குழு, சேனாமுகத்தார்ங்கிற படைவீரர் குழு காவல்ல விட்டதா சொல்லுது. அவனிநாரணன்ங்கிறது மூணாம் நந்திவர்ம பல்லவனோட பட்டப்பேரு. அந்தக் கல்லு இப்போ கிழக்குக் கரையில நக்கோன் சி தம்மராத் தேசிய மியூசியத்துல இருக்கு.

க்லோங் தோமுக்கு எப்படிப் போறது? வேற ஏதாவது சேர்த்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

டவுன்ல இருந்து த்ராங் போற வேன் எல்லாம் அந்த வழியாத்தான் போகும், ஆனா நாள் முழுக்க ஒரு கார் பேசிக்கிறது வசதி. காலையில முதல் வேலையா மரகதக் குளம், ச மொரக்கோத்னு கேளுங்க, காட்டுக்குள்ள கொஞ்ச தூரம் நடக்கணும், பஸ் பஸ்ஸா கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போனா பச்சைத் தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும், குளிக்கலாம், பாசி வழுக்கும், குழந்தைங்க கையை விடாதீங்க. அப்புறம் பக்கத்துலயே வெந்நீர் ஓடை, பாறையில தானாவே தொட்டி தொட்டியா குழிஞ்சிருக்கும், உக்காந்தா இதமா இருக்கும், ஆனா இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம், தலை சுத்தும். மதியம் சாப்பிட்டுட்டு மியூசியம். திறந்திருக்கான்னு காலையிலயே ஹோட்டல்காரங்களை விட்டு போன் பண்ணிக் கேட்டுக்குங்க, டிரைவர்கிட்ட "வாட் க்லோங் தோம், லூக் பத்"னு சொன்னா புரிஞ்சுக்குவாரு. மணி அலமாரியிலயே மயங்கி நின்னுடாம அந்தச் சின்னக் கல்லு எங்கன்னு கேட்டுப் பாருங்க.